அலமாரி மேல் அழுமூஞ்சி

அன்புள்ள என் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. முழங்காலுக்குக் கீழே குளிரில் மரத்துக் கிடக்கிறதே தவிர, அதற்கு மேலே எல்லாம் சௌக்கியமாகத்தான் இருக்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் எப்படி இருக்கிறீர்கள், அவனுக்கு இருமல் குறைந்ததா, ராத்திரி மூச்சு இழுப்பது நின்றதா என்று முதலில் எழுது. கடிதம் எதற்கு, போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். ஆகாது. இந்த வீட்டில் மாடிப்படியில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கிறது, மாடிப்படியில் நின்று பேசினால் வீட்டுக்கே பேசின மாதிரி. போன தடவை காது சரியாகக் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டேன், அந்தக் கருவியில முகம் சிரிக்குதாம்மா என்று நீ கேட்டாய், நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து கூடக் குடியிருக்கிற பஸ் டிரைவர், "இல்லம்மா, இன்னிக்கும் அழுகைதான்" என்று கத்திச் சொன்னார். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் ஒரு ரகசியம் பேச வழியில்லை. அதுவுமில்லாமல் போனில் நான் ஒன்று சொன்னால் நீ குறுக்கே நாலு சொல்லுவாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது, முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும். சமையலறை மேஜையில், கோட்டைப் போட்டுக்கொண்டு, எழுதாத கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு எழுதுகிறேன். சொந்த அறை இருக்கும்போது ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன், அதுதான் முக்கியமான சங்கதி.

நீ கேட்டதற்கு வருகிறேன். லீவுக்கு வரும்போது என்னோடு தங்குவதா, சம்பந்தியம்மா வீட்டில் தங்குவதா என்று மாதக் கடைசிக்குள் அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்றாய். ஈரமான அறையில் குழந்தையை ஒரு ராத்திரிகூடப் படுக்கவைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்றாய். டாக்டர் பேச்சை நான் மறுக்கவில்லை. சம்பந்தியம்மா வீடு நல்ல வீடு, எல்லா அறையிலும் சூடு, குளியலறையில் காலுக்கு அடியில்கூடச் சூடு, சுவரைத் தொட்டால் கையில் ஒன்றும் ஒட்டாது. அந்த அம்மாளும் நல்ல மனுஷி, ஒரு குறை சொல்ல முடியாது, அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நீங்கள் அங்கே தங்கினால் நான் பஸ் மாறிப் போய், கூடத்தில் விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்து, குழந்தையைக் கொஞ்ச நேரம் மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, கடைசி பஸ் போய்விடும் என்று எழுந்து வர வேண்டும். அவன் பிறந்ததிலிருந்து நான் அவனைத் தொட்டதே இல்லை. போனில் காட்டுகிறாய், ஒரு காது தெரிகிறது, பாதி மூக்கு தெரிகிறது, மீதி நேரமெல்லாம் உங்கள் வீட்டு விட்டம்தான் தெரிகிறது. அவன் என் பக்கத்தில் படுத்து ஒரு ராத்திரி தூங்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான், பெரிய ஆசை ஒன்றுமில்லை. அதற்காக இந்த வீட்டுச் சுவரோடு நான் மல்லுக்கட்டிய கதையைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

நீ இந்த வீட்டைப் பார்த்ததில்லை. உன் அப்பா போனபிறகு, நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு நடந்தே போகலாம் என்கிற ஒரே காரணத்துக்காக இங்கே வந்தேன். கீழே நானும் பஸ் டிரைவரும். மேலே பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற நர்ஸும், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவரும். சமையலறை பொது, குளியலறை பொது, குளிர் பொது, ஈரமும் பொது. டப்பாவில் உப்பு கல்லாகிவிடுகிறது, கத்தியால் குத்தித்தான் எடுக்க வேண்டும். தீக்குச்சியை உரசினால் மருந்து குழைந்து பெட்டியில் ஒட்டிக்கொள்கிறது. வாத்தியார் காலையில் விறைப்பாக வாங்கி வருகிற பேப்பர் சாயங்காலம் ஈரத்துணி மாதிரித் தொங்குகிறது. பிஸ்கட்டை டீயில் நனைக்கிற வேலையே கிடையாது, தட்டில் வைத்தாலே போதும். குளித்துவிட்டுத் துவட்டினால் நம் ஈரம் துண்டுக்குப் போகிறதா, துண்டின் ஈரம் நமக்கு வருகிறதா என்று சொல்ல முடியாது. என் அறையில் அலமாரியை ஒட்டின சுவரில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை பிடித்து, அது அலமாரிக்குள்ளும் புகுந்து, உன் கல்யாணத்துக்கு வாங்கின என் நல்ல செருப்புக்கு மீசை முளைத்திருந்தது. நாள் முழுக்க ஆஸ்பத்திரி டிரையர் பக்கத்தில் வெந்துபோய் நிற்கிறேன், வேலை முடிந்தால் இந்த ஐஸ் பெட்டிக்குள் வந்து விழுகிறேன், நடுவில் மனுஷனுக்கு ஏற்ற சூடு என்று ஒன்று என் வாழ்க்கையில் இல்லவே இல்லை.

இதில் ஜன்னல் சண்டை வேறு. நர்ஸுக்குக் காற்று வேண்டும், காற்று வந்தால்தான் ஈரம் போகும் என்று ஒற்றைக் காலில் நிற்பாள். டிரைவருக்குச் சூடு வேண்டும். நாள் பூராவும் பஸ் கதவு திறந்து திறந்து மூடி அவருடைய இடது பக்கமே உறைந்துவிட்டதாம், வீட்டிலும் காற்று வாங்க முடியாது என்பார். அவள் கூடத்து ஜன்னலைத் திறந்துவிட்டு மாடி ஏறுவாள், அவள் கடைசிப் படியை மிதிக்கிறதற்குள் அவர் மூடிவிடுவார். ஜன்னலில் அவள் ஒரு சீட்டு ஒட்டினாள், தயவுசெய்து மூடாதீர்கள் என்று. அவர் அதன் கீழேயே தயவுசெய்து திறக்காதீர்கள் என்று ஒட்டினார். இரண்டு சீட்டும் ஈரத்தில் நனைந்து தானாகவே விழுந்துவிட்டன. வாத்தியார் எந்தப் பக்கமும் சேராமல், திறந்தாலும் நஷ்டம் மூடினாலும் நஷ்டம் என்று கணக்குச் சொல்லிக்கொண்டு மூன்று ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு திரிவார். நானும் அதுவரைக்கும் எந்தக் கட்சியிலும் இல்லாமல்தான் இருந்தேன்.

நீ தபாலில் அனுப்பின அந்தக் கருவி வந்ததோடு என் நிம்மதி போனது. அறையில் எவ்வளவு ஈரம் என்று அது எண்ணில் காட்டுகிறது, சரி. கூடவே ஒரு முகத்தை எதற்காக வைத்தான்? காய்ந்திருந்தால் சிரிக்கிறது, நடுவாந்திரமாக இருந்தால் வாயை நேர்க்கோடாக வைத்துக்கொள்கிறது, ஈரமென்றால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழுகிறது. டாக்டர் சிரித்த முகத்தோடுதான் அறை இருக்க வேண்டும் என்றார் என்று நீ சொன்னதிலிருந்து நான் அந்த மூஞ்சியைப் பார்த்த அளவுக்கு உன் மூஞ்சியைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். காலையில் கண்விழித்தால் அலமாரி மேல் உட்கார்ந்துகொண்டு அழுகிறது. வேலை முடிந்து கதவைத் திறந்தால் அழுகிறது. நான் என்ன பாவம் செய்தேன் என்று அதைப் பார்த்துக் கேட்டேன், அதற்கும் அழுகிறது. அழுமூஞ்சி என்று பெயர் வைத்துவிட்டேன், இப்போது வீடு முழுக்க அதுதான் பெயர். நர்ஸ் வேலைக்குப் போகும்போது, "அழுமூஞ்சி எப்படிக்கா இருக்கு?" என்று நோயாளியை விசாரிக்கிற மாதிரி விசாரித்துவிட்டுப் போகிறாள்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். வழக்கம்போல ஒரு பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த மனுஷருக்குக் கூரை ஒழுகினாலும் பெயின்ட், குழாய் ஒழுகினாலும் பெயின்ட். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சுவருல ஒண்ணும் இல்லைங்கம்மா, நீங்கல்லாம் மூச்சு விடறீங்கள்ல, அதுதான் ஈரம்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குடிவரும்போது சொல்லியிருந்தால் மூச்சு விடாத ஆளாகப் பார்த்து வைத்திருக்கலாமே என்றேன். அவர் சிரித்துக்கொண்டே டப்பாவை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு டிரைவர்தான் பக்கத்துத் தெருவில் ஏணி வாங்கி வந்து ஏறிப் பார்த்தார். மழைத்தண்ணீர் போகிற குழாயில் ஒரு ரப்பர் பந்தும் ஒரு பறவைக் கூடும் அடைத்துக்கொண்டு, தண்ணீர் முழுக்க என் சுவர் வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. எடுத்துப் போட்டார். அலமாரியை நாங்கள் நாலு பேரும் சேர்ந்து நகர்த்தினோம், நான் முட்டி தேயத் தேயச் சுவரைக் கழுவினேன். எங்கள் சூப்பர்வைசர் அம்மாளிடம் மூக்கால் அழுது, ஆஸ்பத்திரியில் ஓரமாகப் போட்டிருந்த பழைய ஈரம் உறிஞ்சுகிற மெஷினைக் கேட்டு வாங்கிவந்தேன். அடியில் ஒரு வாளி இருக்கிறது, காற்றிலிருந்து உறிஞ்சின தண்ணீர் அதில் சேரும், நிரம்பினால் மெஷின் நின்றுவிடும், கொட்டிவிட்டு வைக்க வேண்டும். போடுகிற சத்தத்தைப் பார்த்தால் நாலு ஆள் வேலை செய்கிறது என்று நினைப்பாய்.

ஆனால் பலன் இருந்தது. சுவர் காய ஆரம்பித்தது. மூஞ்சி அழுகையை நிறுத்தி, நேர்க்கோட்டுக்கு வந்து, ஒரு நாள் காலையில் சிரித்தது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எல்லாரையும் கூப்பிட்டேன், எல்லாரும் போர்வையும் காலுறையுமாக வந்து அலமாரி முன்னால் நின்று பார்த்தார்கள். டிரைவர் சந்தோஷத்தில் எல்லாருக்கும் டீ போட்டு என் அறைக்கே கொண்டுவந்தார். நாலு பேரும் நாலு கோப்பை சுடு டீயும் உள்ளே சேர்ந்ததும், குடித்து முடிப்பதற்குள் அது மறுபடியும் நேர்க்கோடாகிவிட்டது. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. உனக்குப் போன் செய்து, அடுத்த வாரம் பார், எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கப்போகிறது என்று பெருமை பேசினேன்.

அடுத்த வாரம் எப்போதும் அழுதுகொண்டே இருந்தது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. நான் வேலைக்குப் போகும்போது நன்றாக இருக்கும், வந்து பார்த்தால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருக்கும். மெஷின் நிற்காமல் ஓடுகிறது, பகலில் லீவாக இருக்கிற ஆளிடம் வாளியைக் கொட்டச் சொல்லி அறைச் சாவியைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போகிறேன். இதுவரைக்கும் வராத தண்ணீர் இப்போது எங்கிருந்து வருகிறது? மேலே குளிக்கும்போது தண்ணீரைக் கீழே விடுகிறீர்களா என்று வாத்தியாரைப் பிடித்துச் சத்தம் போட்டேன். பாவம் அவர் அன்றிலிருந்து குளிக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. நர்ஸ் ஜன்னலைத் திறந்ததால்தான் மழைக்காற்று உள்ளே வந்தது என்று அவளைக் கடிந்துகொண்டேன். வீட்டுக்காரருக்குப் போன் செய்து, சுவருக்குள் குழாய் வெடித்திருக்கிறது, இடித்துப் பார்க்க வேண்டும் என்றேன், பெயின்ட் அடிச்சுப் பாருங்கம்மா என்றார். நீயும் அந்த வாரம்தான், பரவாயில்லம்மா விடும்மா, அத்தை வீட்டுலயே இருந்துக்கறோம், அடிக்கடி வந்து பார்க்கறோம் என்றாய். நீ ஆறுதலுக்குத்தான் சொன்னாய். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று கதவுக்குப் பின்னாலும் மூன்று பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், ஒருத்தரும் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

போன வாரத்துக்கு முந்தின வாரம் சலவைக்கூடத்தில் பாய்லர் நின்றுபோனது, எங்களை மதியமே அனுப்பிவிட்டார்கள். வந்து என் அறைக் கதவைத் தள்ளினேன். கண்ணு, என்னால் உள்ளே போக முடியவில்லை. அலமாரிக் கைப்பிடியிலிருந்து ஜன்னல் கம்பி வரைக்கும் கயிறு, அங்கிருந்து கட்டில் கால் வரைக்கும் கயிறு. டிரைவரின் யூனிஃபார்ம் பேன்ட் தலைகீழாகத் தொங்குகிறது. வாத்தியாரின் மூன்று ஸ்வெட்டரும் கையை விரித்துக்கொண்டு தொங்குகின்றன. நர்ஸின் வெள்ளைக் கோட்டு விட்டத்துக் கொக்கியிலிருந்து அழுமூஞ்சிக்கு நேர் மேலே தொங்கி, சொட்டுச் சொட்டாக அதன் தலையிலேயே சொட்டுகிறது. மெஷின் உயிரைக் கொடுத்து ஓடிக்கொண்டிருக்கிறது. டிரைவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, மெஷினின் சூட்டுக் காற்றுக்குக் காலை நீட்டிக்கொண்டு, பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "உங்க ரூமுலதாங்க்கா நல்லாக் காயுது" என்றார். பாராட்டுகிறாராம்.

விஷயம் இதுதான். வாளி கொட்ட வந்த மனுஷர், அறை நன்றாகக் காய்ந்திருக்கிறதே, ஒரே ஒரு காலுறை போட்டால் என்ன ஆகிவிடும் என்று போட்டிருக்கிறார். அது மொறுமொறுவென்று காய்ந்திருக்கிறது. அவர் லீவில்லாத நாளில் வாளி கொட்ட வந்த நர்ஸ் அந்தக் காலுறையைப் பார்த்துவிட்டு, அக்கா எல்லாருக்கும் சரி என்று சொல்லிவிட்டார் போலிருக்கிறது என்று கோட்டைப் போட்டிருக்கிறாள். இரண்டையும் பார்த்த வாத்தியார், என் ஒரு ஸ்வெட்டரால் பெரிய வித்தியாசம் வராது என்று கணக்குப் போட்டு மூன்றையும் கொண்டுவந்திருக்கிறார். நான் வருகிற நேரத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் எடுத்து, கயிற்றையும் அவிழ்த்துவிடுவார்களாம், ஈரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போக அவர்களுக்குத் தெரியவில்லை. ஊரே ஈரமாகக் கிடக்கும்போது கஷ்டப்பட்டு ஒரு அறையைக் காயவைத்தால், இந்த வீட்டு ஆட்கள் அதை வேறு எதற்குப் பயன்படுத்துவார்கள் சொல்லு. என்னைத்தான் நான் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். வருஷக்கணக்காகத் துவைத்த துணிக்கு நடுவிலேயே நிற்கிறவள், என் மூக்குக்கு அந்த வாசம் பழகி, வாசமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் கதவைத் திறந்ததும், இங்கே யார் துணி காயப்போட்டது என்று கேட்டிருப்பார்கள்.

நான் கத்தின கத்தலில் மற்ற இருவரும் இறங்கி வந்தார்கள், அன்றைக்கு இரண்டு பேரும் வீட்டில்தான் இருந்தார்கள். வாய் திட்டிக்கொண்டிருக்கிறது, கை பாட்டுக்குக் கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாக உருவி மடித்துக்கொண்டிருக்கிறது, பழக்க தோஷம். டிரைவரின் பேன்ட்டை ஆஸ்பத்திரி மடிப்பாக மடித்து அவர் கையில் வைத்துக்கொண்டே, உங்களை மனுஷனென்று நம்பிச் சாவி கொடுத்தேனே என்றேன். வாத்தியாரின் ஸ்வெட்டரை மடித்து, கணக்குப் படித்த தலையா இது என்றேன். அவர்கள் வரிசையில் நின்று திட்டையும் துணியையும் ஒன்றாக வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கயிறு முடிந்து கட்டில் பக்கத்துக் கயிற்றுக்கு வந்தேன். அங்கே ஒரு சின்ன மெத்தை. ஒரு குட்டிப் போர்வை. உள்ளங்கை அகலத்தில் நாலைந்து துவாலை, முயல் படம் போட்டது. இது யாருடையது என்று கேட்டேன். நர்ஸ்தான் சொன்னாள், அவள் கூடப்பிறந்த அக்கா பிள்ளைக்கு வைத்திருந்த சாமான்கள், பெட்டியில் கிடந்து பூஞ்சை வாடை அடித்ததாம், நம் சின்னவன் வரும்போது வாடை இருக்கக் கூடாது என்று துவைத்தாளாம். மெத்தைக்குள் பஞ்சு, லேசில் காயவில்லை, காயாமல் எடுத்து வைத்தால் மறுபடி வாடை வரும் என்று தினமும் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அந்த மெத்தை ஒன்றே போதும் என் அறையை அழவைக்க. குழந்தை படுக்கிறதற்கு மெத்தை தயார் செய்கிறேன் என்று, குழந்தை படுக்க முடியாதபடி அறையை நாசம் செய்திருக்கிறார்கள். நீ போனில் வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கு வாயைத் திறக்காததும் அதனால்தான், சொன்னால் அக்கா வருத்தப்படுவார்களே என்று பயமாம். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது, இரண்டும் சேர்ந்து வந்ததில் எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை. மெத்தையைத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி டிரையரில் போட்டு எடுத்து வந்தேன், பாய்லர் சரியானதும் முதலில் காய்ந்தது அதுதான், சூப்பர்வைசரிடம் சொல்லிவிடாதே.

அதற்குப்பிறகு என் அறைக்குள் ஒரு நூல்கூட ஈரமாக வரவில்லை. சாயங்காலம் வந்தால் மூஞ்சி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது. ஆனால் காலையில் எழுந்து பார்த்தால் நேர்க்கோடு. துணி இல்லை, டீ இல்லை, குழாய் வெடிக்கவில்லை. பெயின்ட் டப்பாக்காரர் சொன்னதுதான், நான் விடுகிற மூச்சு. அந்த மனுஷர் வாழ்க்கையில் சொன்ன ஒரே சரியான வார்த்தை என் விஷயத்தில்தானா இருக்க வேண்டும்? எனக்கு அதுதான் தாங்கவில்லை. நான் இல்லாதபோது சிரிக்கிறது, நான் வந்து படுத்தால் வாயை மூடிக்கொள்கிறது. இதில் நீயும் குழந்தையும் வந்து படுத்தால் என்ன ஆகும் என்று சமையலறையில் புலம்பினேன். வாத்தியார் அப்போதுதான், ஊகமே வேண்டாம், ஒத்திகை பார்த்துவிடலாம் என்றார். துணி விஷயத்தில் தப்பாகப் போன கணக்கைச் சரிசெய்ய வேண்டும் என்று அவருக்கு ஒரு வேகம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஒத்திகை. நீயாக நர்ஸ், நானாக நான். குழந்தையாகப் படுக்கிறேன் என்று டிரைவர் வந்தார், தூங்குவதில் எனக்கு அனுபவம் உண்டு என்றார். அவர் ஒரு குழந்தைக்கு அல்ல, ஒரு பள்ளிக்கூடத்துக்கே சமானம் என்று வாத்தியார் தள்ளிவிட்டார். கடைசியில் குழந்தைக்குப் பதிலாக அந்தச் சின்ன மெத்தையில் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்தோம், ஆவி வருகிறதே, அது அவன் மூச்சாம். பாத்திரம் ஆறிவிடாமல் டிரைவர் தன் குளிர்த் தொப்பியை எடுத்து அதற்கு மாட்டிவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டு எப்படித் தூங்குவது? இருந்தாலும் படுத்தோம், நர்ஸ் தலை சாய்த்ததும் தூங்கிவிட்டாள், அவள் விடுகிற குறட்டையைக் கேட்டால் பல் டாக்டரின் மெஷின் தோற்றுப்போகும். எழுந்து பார்த்தால் மூஞ்சி அழுதது. அடுத்து வந்த வாரம் பூராவும் ஆள் மாற்றி, மெஷினை ஓடவிட்டு, நிறுத்தி, வெந்நீரை மாற்றி மாற்றிப் பார்த்தோம். முடிவு இதுதான். இரண்டு பெரிய ஆளும் குழந்தையும் என்றால் அழுகை. ஒரு பெரிய ஆளும் குழந்தையும், படுக்கிற வரைக்கும் மெஷின், அதற்கு முன்னால் பகலிலும் சாயங்காலமும் அறைக்குள் யாரும் உட்காராமல் இருந்தால், காலையில் எழுந்திருக்கிறபோதும் சிரிப்புதான். அதனால்தான் இந்தக் கடிதத்தை இங்கே, கோட்டைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். தூங்குகிற நேரம் தவிர என் அறைக்குள் நானே போவதில்லை. ஜன்னல் விஷயமும் முடிந்தது. காலையில் கொஞ்ச நேரம் ஒரு விரல் அகலம் திறந்து வைப்பதென்று இரண்டு கட்சியும் ஒத்துக்கொண்டார்கள், யார் விரல் என்பதில் மட்டும் ஒரு நாள் பூராவும் சண்டை. டிரைவர் நர்ஸின் விரல் என்றார், நர்ஸ் டிரைவரின் விரல் என்றாள். என் விரலை வைத்துத் தீர்த்தேன்.

இப்போது நன்றாகக் கவனித்துப் படி. இதை உன் டாக்டரிடம் ஒன்று விடாமல் சொல்லு, மறைக்க ஒன்றுமில்லை. அவர் சரி என்றால் இங்கே வா, இல்லை என்றால் நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். வந்த பிறகும் ஒரு நாள் காலையில் அந்த மூஞ்சி அழுதாலோ, பயலுக்கு லேசாக இழுத்தாலோ, நீ சொல்லும்வரைக்கும் காத்திருக்காமல் நானே அவனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சம்பந்தியம்மா வீட்டில் விட்டுவிட்டு வருவேன், டிரைவர் கூட வருவார். அவர்களிடமும் மரியாதையாக எடுத்துச் சொல்லு, மாப்பிள்ளையை அங்கேயே தங்கச் சொல்லு, பெற்ற பிள்ளை வந்து தங்கினால் அந்த அம்மாளுக்கும் சந்தோஷம், இங்கே ஒரு மூச்சும் குறையும். ஒரு பெரிய ஆள், ஒரு குழந்தை என்று எழுதினேனே, அந்தப் பெரிய ஆள் நீ என்று நினைத்துக்கொண்டு மூட்டை கட்டாதே. நீ அவன் பிறந்த நாளிலிருந்து ஒரு ராத்திரி விடாமல் அவன் பக்கத்தில் படுத்திருக்கிறாய். உனக்கு மாடியில் நர்ஸ் அறையில் கட்டில் போட்டாகிவிட்டது. அவள் குறட்டை விடுவாள், ஜன்னலையும் திறந்து வைப்பாள், தடித்த காலுறையாகக் கொண்டுவா. அவன் பசித்து அழுதால் கூப்பிடுகிறேன், இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விடு. அவனுடைய மூச்சு மருந்தை எப்படிக் கொடுப்பது என்று வந்த அன்றைக்கே எனக்குக் காட்டிக்கொடு, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் செய்து காட்டுகிறேன், நீ திருப்திப்பட்ட பிறகு போய்ப் படு. இத்தனை நாளாக அவன் மூச்சு விடுகிற சத்தத்தை உன் போன் வழியாகத்தான் கேட்கிறேன், இரைச்சலில் எது அவன் மூச்சு, எது போன் சத்தம் என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் படுத்து, விளக்கை அணைத்துவிட்டு, நான் கேட்க வேண்டும்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், சண்டை சச்சரவு இல்லாமல் நிறைவாக இருங்கள். குட்டிப்பயலின் நெஞ்சு தெளிந்து, ஓடி ஆடி, நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். இங்கே மூன்று பேரும் அவனை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள், டிரைவர் அந்தத் தொப்பி இனிமேல் அவனுக்குத்தான் என்று தனியாக எழுதச் சொன்னார், துவைத்துவிட்டுக் கொடுக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன், என் அறையில் காயப்போடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். மறக்காமல் மாதக் கடைசிக்குள் பதில் சொல்லு. போனில் சொன்னாலும் சரி, யார் முதலில் கேட்டாலும் எனக்கு வந்து சொல்லிவிடுவார்கள்.

அறையைச் சிரிக்க வைத்துவிட்டுச் சமையலறையில் குளிரோடு உட்கார்ந்திருக்கும்,
உன் அம்மா